மலிவு டயரும் மெய்யான விலையும்

மாலை மயங்கி வீதி விளக்குகள் ஒளிரத் தொடங்கும் வேளையில், வெள்ளவத்தைக் காலி வீதியிலே நிற்பவர்கள் ஒரு காட்சியை நாள்தோறும் காணலாம். யாழ்ப்பாணத்துக்குப் புறப்படும் பஸ்வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. மூட்டை முடிச்சுகளோடு முதியோரும், பிள்ளைகளை இடுப்பில் ஏந்திய தாய்மாரும், விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவரும் ஏறுகின்றனர். ஏறுவோர் கேட்கும் கேள்விகள் சிலவே. இருக்கை யன்னலோரமா? குளிரூட்டி வேலை செய்கிறதா? விடிவதற்குள் ஊர் போய்ச் சேரலாமா? இவற்றைக் கேட்டபின் திரையை இழுத்துவிட்டுக் கண்ணயர்ந்து விடுகின்றனர். வண்டியைத் தாங்கி நிற்கும் ஆறு டயர்களைக் குனிந்து பார்ப்பவர் ஆயிரத்தில் ஒருவர் இருப்பாரா என்பது ஐயமே.

புத்தளம், அநுராதபுரம், வவுனியா எனக் கடந்து செல்லும் அந்தப் பயணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் நீளமுடையது. இத்தனை தூரமும் அத்துணைப் பெரிய வண்டி நிலத்தைத் தொடுவது மிகச் சிறிய பரப்பினாலேதான். ஒரு டயர் வீதியில் பதியும் இடம், பள்ளிப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பி அட்டையினும் பெரிதாக அதிகம் இராது. ஆறு கொப்பி அட்டைகளின்மேல் ஐம்பது உயிர்கள் இரவு முழுவதும் ஓடுகின்றன என்று சொன்னால் அது மிகையன்று.

அந்த டயர்களை வாங்கும்போது வண்டிக்காரரின் முன்னே எழும் வினா ஒன்றுண்டு. மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தைக்கு உதிரிப்பாகம் தேடிச் செல்லும் எவரும் இதனை அறிவர். ஒரு பக்கத்தில் பெயர்பெற்ற டயர்; விலையைக் கேட்டால் நெஞ்சு திடுக்கிடும். அதன் அருகிலேயே அதே அளவில், அதே கறுப்பில், அதே மினுமினுப்பில் வேறொன்று. விலையோ பெரிதும் குறைவு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறைந்ததை வாங்கினால் என்ன? பெரிய வாகனத்துக்கு மலிவான டயர் வாங்குவது தகுமா, தகாதா? இந்த வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூறுபவரைச் சற்று ஐயத்தோடு நோக்குவது நன்று.

டயர் இலங்கைக்குப் புதிய பொருளன்று. பிரேசில் நாட்டுக் காடுகளிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட இறப்பர் விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைக்கவைக்கப்பட்டு, 1876ஆம் ஆண்டில் நாற்றுகளாகக் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொட தாவரவியற் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. 1952இல் சீனாவுக்கு இறப்பரைக் கொடுத்து அரிசியைப் பெறும் ஒப்பந்தத்தை இந்நாடு செய்துகொண்டது. 1960களில் சோவியத் நாட்டின் உதவியோடு களனியில் டயர்த் தொழிற்சாலை எழுந்தது. அரச கூட்டுத்தாபனமாயிருந்த அது பின்னர்த் தனியார் கைக்கு மாறி, இன்று இந்திய நிறுவனமொன்றின் கூட்டுறவோடு டயர் செய்து வருகிறது. தொழிற்சாலை வண்டிகளுக்கான திண்ம டயர்களைச் செய்து ஏற்றுமதி செய்வதிலும் இலங்கை உலகிற் பெயர்பெற்றது. இவ்வளவும் இருந்தும், பஸ்ஸுக்கும் லொறிக்கும் வேண்டிய டயர்களிற் பல கடல் கடந்தே வருகின்றன.

கடல் கடந்து வரும் பொருளின் விலை அந்நியச் செலாவணியின் கையில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டிற் கொண்டுவரப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாடுகளுள் டயர்களும் அகப்பட்டன. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற அந்த ஆண்டில், டயர் மாற்றவேண்டியிருந்த சிறு வண்டிக்காரரின் நிலை சொல்லுந்தரமன்று. மலிவு டயரை நாடுபவரைப் பேராசைக்காரர் என்று கூறிவிடுவது எளிது, அது நியாயமன்று. பலர் மலிவை விரும்பி வாங்குவதில்லை; வேறு வழியின்றி வாங்குகின்றனர்.

இனி, மலிவு டயர் எதனால் மலிவாகிறது என்பதைப் பார்க்கலாம். கனரக வாகன டயரின் உடலை இரு கூறாகப் பிரிக்கலாம். நிலத்தைத் தொட்டுத் தேய்வது மேற்பட்டை. அதன் உள்ளே உருக்குக் கம்பிகளாலும் இறப்பராலும் அமைந்த உடற்கூடு காற்றழுத்தத்தையும் பாரத்தையும் தாங்குகிறது. கடையில் நிற்பவரின் கண்ணுக்குப் படுவது மேற்பட்டை. விலையின் பெரும்பகுதி மறைந்திருப்பதோ உடற்கூட்டில். கம்பியின் தரம், கம்பியோடு இறப்பர் ஒட்டியிருக்கும் உறுதி, பாகத்துக்குப் பாகம் வேறுபடும் இறப்பர்க் கலவை ஆகியவற்றை வெளியிலிருந்து எவராலும் அளந்தறிய முடியாது. கனரக டயர்களில் இயற்கை இறப்பர் மிகுதியாகச் சேர்க்கப்படுவதற்குக் காரணம், ஓடும்போது அது அதிகம் சூடேறாமலும் எளிதிற் கிழியாமலும் இருப்பதே. இவற்றிற் கைவைத்தால் விலை குறையும். குறைந்தது எது என்பது மாதங்கள் கழித்தே தெரியவரும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் சீனாவிலிருந்து வரும் பஸ், லொறி டயர்கள்மீது தனித்தீர்வை விதித்தது. அதற்கு முன் நடந்த விசாரணையில், சந்தையிலுள்ள டயர்கள் மூன்று படிகளாக வகுத்து நோக்கப்பட்டன. முதற்படியிலுள்ளவை தேய்ந்தபின் மீண்டும் மேற்பட்டையிட்டுப் பாவிக்கத்தக்கவை. கடைப்படியிலுள்ளவை பெரும்பாலும் ஒருமுறை ஓடியதோடு முடிந்துவிடுபவை. மலிவான புது டயர்களின் வரவால் நலிந்தது புது டயர்த் தொழில் மட்டுமன்று. பழைய டயருக்கு மறுவாழ்வு கொடுக்கும் தொழிலும் உடன் நலிந்தது. ஆயினும் மலிவென்பதெல்லாம் ஒரே தரமன்று. சீனாவிலிருந்து வருவதெல்லாம் தாழ்ந்தது என்று கொள்வதும் பிழை; உயர்ந்த நிறுவனங்களும் அங்கே டயர் செய்கின்றன. நாட்டின் பெயரைக்கொண்டு டயரைத் தீர்மானிப்பது, ஊரின் பெயரைக்கொண்டு மனிதரைத் தீர்மானிப்பதற்கு ஒப்பாகும்.

டயரின் மெய்யான விலை கடைக்காரர் கூறும் விலையன்று. ஒரு கிலோமீற்றருக்கு அது எவ்வளவு பிடிக்கிறது என்பதே. எளிய கணக்கொன்றை எடுத்துக்கொள்ளலாம். இதிலுள்ள எண்கள் சந்தை விலைகளல்ல. கணக்கின் வழியைக் காட்டுவதற்கு மட்டுமே. நல்ல டயர் ஒன்று 100,000 ரூபா. அது 100,000 கிலோமீற்றர் ஓடுகிறது. கிலோமீற்றருக்கு ஒரு ரூபா. மலிவு டயர் 70,000 ரூபா. 60,000 கிலோமீற்றரில் தேய்ந்துவிடுகிறது. கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 1 ரூபா 17 சதம். முப்பதாயிரம் ரூபா மிச்சம் பிடித்தவர் உண்மையில் நட்டப்பட்டிருக்கிறார்.

கதை அங்கே முடியவில்லை. நல்ல டயரின் உடற்கூடு பழுதின்றி இருந்தால் அதற்கு மீண்டும் மேற்பட்டை இடலாம். இதனையே நம் பட்டறைகளில் ‘ரீபில்ட்’ என்பர். அதற்கு 35,000 ரூபா செலவாகி, மேலும் 70,000 கிலோமீற்றர் கிடைத்தால், மொத்தம் 135,000 ரூபாவுக்கு 170,000 கிலோமீற்றர். கிலோமீற்றருக்கு 80 சதமும் இல்லை. இது தரங்குறைந்த வழியென்று எண்ண வேண்டா. ஆகாய விமானங்களின் டயர்களே இவ்வாறு பலமுறை புதுப்பிக்கப்படுகின்றன. எனினும் இடமறிந்து பாவிக்கவேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் பஸ்ஸின் முன் சக்கரங்களில் புதுப்பித்த டயரைப் பூட்டுவதற்குச் சட்டம் இடமளிப்பதில்லை.

எரிபொருட் கணக்கும் உண்டு. பாரம் ஏற்றி நெடுந்தூரம் ஓடும் கனரக வாகனம் எரிக்கும் எண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டயர் உருளுவதற்கே செலவாகிறது என்பர். யாழ்ப்பாணம் செல்ல ஒரு பஸ் 100 லீற்றர் டீசல் எரிப்பதாகக் கொண்டால், உருளும் தடை மிகுந்த டயரால் நூற்றுக்கு மூன்று கூடினாலும், ஒரு பயணத்துக்கு 3 லீற்றர் வீணாகும். ஆண்டில் 300 பயணங்களுக்கு 900 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 270,000 ரூபா. மேற்சொன்ன கணக்கின்படி ஆறு டயர்களில் மிச்சம் பிடித்த தொகையோ 180,000 ரூபா. கையிலே மிச்சம் பிடித்தது எண்ணெய்த் தாங்கியின் வழியே கசிந்து போயிற்று.

இவ்வளவும் கேட்டவர்கள், மலிவு டயர் எவருக்கும் ஆகாது என்று முடிவு கட்டிவிடலாகாது. வெள்ளவத்தையை விட்டுக் கொட்டாஞ்சேனைக்குச் சென்றால் கணக்கு வேறாகிறது. துறைமுகத்தை அடுத்த அந்த வட்டாரத்தில், பண்டகசாலைக்கும் புறக்கோட்டைக் கடைகளுக்கும் இடையே சரக்கேற்றி ஓடும் சிறு லொறியொன்றை மனத்திற் கொள்ளலாம். நெரிசலில் ஊர்ந்து, நாளுக்கு 40 கிலோமீற்றர் ஓடினால் அது பெரிது. ஆண்டில் 300 நாள் ஓடினாலும் 12,000 கிலோமீற்றரே. 100,000 கிலோமீற்றர் ஓடத்தக்க டயரை அதற்குப் பூட்டினால், அது தேய்ந்து முடிய எட்டாண்டுக்கு மேலாகும். வெயிலும் காற்றும் இறப்பரை முதுமையடையச் செய்யுமாதலால், அதற்குள் டயர் தேயாமலே பழுதடையக்கூடும். ஒடுங்கிய ஒழுங்கைகளில் திரும்பும்போது ஓரக்கல்லில் உராய்ந்து பக்கச்சுவர் கிழிவதும் உண்டு. அத்தகைய லொறிக்கு, பாரத்தைத் தாங்கத்தக்கதும் அண்மையிற் செய்யப்பட்டதுமான மலிவு டயர் குறைவான தெரிவு அன்று. ஐந்தாண்டில் தேய்ந்து ஐந்தாண்டில் மாற்றப்படுமாயின், அதுவே கணக்குக்குப் பொருந்தும்.

ஆகவே டயர் நல்லதா, மலிவா என்பதற்கு முன்னே கேட்கவேண்டியது, அது எந்த வண்டியில், எந்தப் பாரத்தோடு, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் ஓடப்போகிறது என்பதே. துறைமுகத்திலிருந்து கொள்கலன் இழுக்கும் பார வண்டியும் கொட்டாஞ்சேனையிலேதான் ஓடுகிறது. ஆனால் சிறு லொறிக்குச் சொன்ன விடை அதற்குப் பொருந்தாது.

பணத்தை விடப் பெரிய கணக்கு உயிரின் கணக்கு. டயரின் முதற் பகை வெப்பம். சக்கரம் சுழலுந்தோறும் டயரின் பக்கச்சுவர் மடிந்து நிமிர்கிறது. அதனால் உள்ளே சூடு பிறக்கிறது. பாரம் மிகுந்தாலும், வேகம் மிகுந்தாலும், காற்று குறைந்தாலும் சூடு பெருகும். பெரிய பஸ்ஸின் டயருக்குச் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அளவிலோ அதற்கு மேலோ காற்றழுத்தம் வேண்டும். அது குறைந்த நிலையில் இரவு முழுவதும் ஓடினால், உள்ளே கம்பியும் இறப்பரும் ஒன்றைவிட்டொன்று பிரியத் தொடங்கும். பின் டயர் வெடித்தால் அருகிலுள்ள மற்றொன்று ஓரளவு தாங்கும். முன் டயர் வெடித்தாலோ சுக்கான் சாரதியின் கையை மீறக்கூடும். அந்தக் கணத்திலே உரிமையாளரின் மிச்சக்கணக்கு எவருக்கும் உதவாது.

இங்கிலாந்தில் 2012 செப்ரெம்பர் மாதத்தில் நடந்த ஒரு விபத்து இதற்குச் சான்று. இசைவிழா ஒன்றிலிருந்து இளைஞர்களை ஏற்றித் திரும்பிய பஸ், சறே மாவட்டத்து ஹைன்ட்ஹெட் என்னுமிடத்துக்கு அருகில் முன் டயர் செயலிழந்து மரத்தில் மோதியது. சாரதியும் பயணிகள் இருவரும் மாண்டனர். அந்த டயரின் வயது 19 ஆண்டுக்கு மேல். பஸ்ஸின் வயதினும் கூடியது. மேற்பட்டையோ அதிகம் தேய்ந்திருக்கவில்லை. அக்காலச் சட்டத்தில் அதனைத் தடுக்க விதியும் இல்லை. மகனை இழந்த தாய் ஒருவர் ஆண்டுக்கணக்கிற் போராடியதன் பயனாக, பத்து ஆண்டு நிறைந்த டயர்களைப் பஸ், லொறி ஆகியவற்றின் முன் அச்சிற் பூட்டுவது 2021 பெப்ரவரி முதலாந் தேதியிலிருந்து அந்நாட்டிலே தடைசெய்யப்பட்டது. பழைய டயர் மலிவாகத்தான் கிடைத்திருக்கும். அதற்கு மூன்று குடும்பங்கள் கொடுத்த விலை எந்தப் பற்றுச்சீட்டிலும் எழுதப்படவில்லை.

டயரின் வயதை அறிவது கடினமன்று. எழுத்தறிவுள்ள எவரும் டயரின் பக்கச்சுவரை வாசிக்கலாம். ‘டொட்’ என்னும் ஆங்கில மூவெழுத்தோடு தொடங்கும் வரிசையின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். அதனை அடுத்துப் பாரத்தின் குறியீட்டைப் பார்த்தல் வேண்டும். 152/148எம் என்றிருந்தால், தனியே பூட்டும்போது அந்த டயர் 3,550 கிலோகிராம் தாங்கும். பின் அச்சில் இரட்டையாகப் பூட்டும்போது ஒவ்வொன்றும் 3,150 கிலோகிராம் தாங்கும். எம் என்னும் எழுத்து மணிக்கு 130 கிலோமீற்றர் வேக எல்லையைக் குறிக்கும். உற்பத்தியாளர் கூறும் அளவினும் பாரக் குறியீடு குறைந்த டயரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. இந்த மூன்றையும் வாசிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்குக் கடைக்காரர் இடங்கொடாவிட்டால் வேறு கடை பார்ப்பதே அறிவு.

பூட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். கையிலுள்ள பணம் இரண்டு நல்ல டயர்களுக்கே போதுமாயின், அவை முன் சக்கரங்களுக்கு உரியவை. பின்னால் இரட்டையாக நிற்பவற்றில் புதியதொன்றையும் தேய்ந்ததொன்றையும் சோடி சேர்த்தல் கூடாது. விட்டத்தாற் பெரியது பாரத்தின் பெரும்பகுதியைத் தன் தலையில் ஏற்று வெம்பும். சிறியது இழுபட்டுத் தேயும். இரண்டும் விரைவிற் பாழாகும். தேய்ந்த மேற்பட்டையைச் சூட்டுக் கத்தியால் ஆழமாக வெட்டிப் புதிதுபோற் காட்டும் வழக்கமும் உண்டு. அவ்வாறு வெட்டுவதற்கென்று செய்யப்பட்டு, அதற்குரிய குறி பொறிக்கப்பட்ட டயர் அல்லாதவற்றில் அது கம்பியை நெருங்கி உயிருக்கு உலைவைக்கும். எல்லாவற்றினும் மலிவான பாதுகாப்பு, காற்றழுத்தம் பார்க்கும் கருவியே. டயர் குளிர்ந்திருக்கும்போது, வண்டி புறப்படுமுன் அதனைக்கொண்டு பார்க்கும் பழக்கம், மலிவு டயரையும் ஓரளவு காக்கும். அப்பழக்கம் இல்லாதவரிடம் உயர்ந்த டயரும் பாழாகும்.

இவற்றையெல்லாம் செய்ய உரிமையாளரால் இயலுமா என்ற வினா எழுகிறது. 1958 ஜனவரி முதலாந் தேதி பஸ் சேவை நாட்டுடைமையாகியபோது, டயர் வாங்குவது ஒரு பெருஞ் சபையின் பொறுப்பாயிற்று. 1970களின் இறுதியிலிருந்து தனியாருக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டபின், ஒரு பஸ்ஸை அல்லது இரண்டு பஸ்களை வைத்துத் தவணைப் பணமும் கட்டி ஓட்டுபவர் பலர் இத்தொழிலில் உள்ளனர். ஒரே நாளில் ஆறு டயர் வாங்கும் வலு அவரிடம் இல்லை. கையிற் காசில்லாதவன் மலிவானதையே பலமுறை வாங்கி, ஈற்றில் அதிகம் செலவிடுகிறான் என்பது வறுமையின் பழைய விதி. ஓடும் ஒவ்வொரு நாளும் டயருக்கென்று ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைப்பவர் இவ்விதியினின்றும் தப்பலாம். ஒரே வழித்தடத்தில் ஓடும் உரிமையாளர்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலையும் இறங்கும். எந்த டயர் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தால், அடுத்த முறை கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பவேண்டிய தேவையே இராது.

மற்றைய பொருள்களுக்கும் டயருக்கும் வேறுபாடொன்று உண்டு. மலிவான துணி வாங்கியவர் தாமே அதனை உடுத்து அதன் குறையை உணர்கிறார். மலிவான அரிசி வாங்கியவர் தாமே அதனை உண்கிறார். பஸ்ஸின் டயரை வாங்குபவர் ஒருவர். அதன்மேல் உயிரை வைப்பவர் வேறொருவர். மிச்சமாகும் பணம் ஒருவருடையது. நேரும் இழப்பு மற்றொருவருடையது. தன் பணத்தில் எவ்வளவு துணிந்தாலும் அது அவரவர் உரிமை. பிறர் உயிரிலே துணிவதற்கு உரிமை எவருக்கும் இல்லை. நெடுந்தூரப் பயணிகளை ஏற்றும் வண்டியின் முன் சக்கரங்களில் மலிவைத் தேடலாகாது என்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை.

பயணிகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பெட்டியைச் சாரதியின் உதவியாளரிடம் கொடுத்துவிட்டு நிற்கும் சில நிமிடங்களில், முன் டயரை ஒருமுறை குனிந்து பார்ப்பதால் எவருக்கும் மானக்கேடு இல்லை. மேற்பட்டை வழுக்கையாகியிருந்தால், பக்கச்சுவர் வெடித்திருந்தால், அந்த நான்கு இலக்கங்கள் பத்தாண்டுக்கு முற்பட்ட காலத்தைக் காட்டினால், உரியவரிடம் அமைதியாகக் கேட்கலாம். ஒருவர் கேட்டால் சிரித்து மழுப்பலாம். நாள்தோறும் பத்துப் பேர் கேட்டால் அடுத்த வாரம் டயர் மாறிவிடும். குளிரூட்டியைப் பற்றிக் கேட்டுக் கேட்டே பஸ்களுக்குக் குளிரூட்டி வந்தது. டயரைப் பற்றியும் கேட்கத் தொடங்கினால், இன்றிரவு வெள்ளவத்தையிற் கண்ணயர்பவர் நாளைக் காலை தம் வீட்டு முற்றத்திலே கண்விழிப்பது மேலும் உறுதியாகும்.